பல் பிடுங்கிய பின் பத்தியச் சாப்பாடு: வணிகர்கள் அறிய வேண்டியவை

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிகனுக்குக் கொடு’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நல்ல பண்டம் வாங்கிச் சாப்பிட்டு உடம்பைப் பேணினால் வைத்தியச் செலவு மிச்சம் என்பது அதன் பொருள். ஊருக்கெல்லாம் நல்ல பண்டம் நிறுத்துக் கொடுக்கும் நாம், நம் வாயில் உள்ள பற்களைக் கவனிக்கிறோமா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். பல்வலி வந்தால் டப்பாவில் இருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்துக்கொள்கிறோம். வலி அடங்கியதும் மறந்துவிடுகிறோம். ‘தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும், லாரிச் சரக்கு இறங்கட்டும்’ என்று தள்ளிப் போடுகிறோம். கடைசியில் கன்னம் வீங்கி, நல்ல வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியதாகிறது.

பல் பிடுங்கிய பின்னும், ஞானப்பல் ஆபரேஷன் செய்துகொண்ட பின்னும் முதல் ஒரு வாரம் எப்படிச் சாப்பிடுவது, எப்படிக் கடையில் உட்காருவது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஒரு வாரத்தைச் சரியாகக் கடந்தால் ஒரு முறை செலவோடு போகும். தவறினால் இரட்டைச் செலவும் இரட்டை வலியும்தான். ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் தொழிலில் பல் கெடுவது ஏன்?

முதல் காரணம் டீ. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும் வரை ஆறு, ஏழு முறை சர்க்கரை போட்ட டீ குடிக்கிறோம். வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம் அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சரி செய்கிறது. சரி செய்வதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால் பல் என்ன செய்யும்? எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். டீயைக் குறைக்க முடியாதவர்கள் சர்க்கரையையாவது குறைக்கலாம். குடித்தபின் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தாலும் நல்லதே.

இரண்டாவது காரணம், பல்லை ஆயுதமாக்குவது. சணல் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கிறோம், பாலிதீன் கவரைப் பல்லால் கிழிக்கிறோம், சோடா மூடியையும் சிலர் பல்லாலேயே திறக்கிறார்கள். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட எவ்வளவு செலவாகிவிடும்?

மூன்றாவது, மொத்த வியாபாரிகளுக்கே உரிய பழக்கம். சாம்பிள் வந்தால் துவரம்பருப்பையோ மிளகையோ மஞ்சளையோ கடித்துப் பார்த்துத்தான் காய்ச்சல் சரியா என்று சொல்கிறோம். அந்தக் கைப்பிடியில் ஒரு சிறு கல் இருந்தால் போதும், கடைவாய்ப்பல் விரிந்துவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து வலி வரும்போதுதான் தெரியும். ஈரப்பதம் அளக்கும் கருவி இப்போது மண்டிகளில் புழங்குகிறது. அது இல்லாத இடத்தில் பாக்குவெட்டியால் நறுக்கியே பார்க்கலாம்.

நான்காவது, வெற்றிலை, பாக்கு, புகையிலை. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்வோம்.

கிராம்பு செய்வதும் செய்யாததும்

கிராம்பில் யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள் உண்டு. அது நரம்பைச் சற்று மரத்துப் போகச் செய்கிறது. ஆகவே வலி குறைகிறது. ஆனால் சொத்தை அப்படியே இருக்கிறது. மூட்டையில் எலி போட்ட ஓட்டையை உடனே தைத்தால் ஒரு முழம் சணலோடு போகும். விட்டுவைத்தால் மூட்டையே காலி. பல்லும் அப்படித்தான். சொத்தை சிறிதாக இருக்கும்போது ஒரே நாளில் அடைத்துவிடலாம். உள்ளே நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை செய்து உறை மாட்ட வேண்டும். அதற்கும் மிஞ்சினால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பிடுங்கிய இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாய ஆரம்பிக்கும்.

கிராம்பு எண்ணெயை ஈறில் மீண்டும் மீண்டும் தடவினால் ஈறு வெந்துவிடும். வலி மாத்திரையைப் பல்லடியில் வைத்து அடக்குவதும் அப்படியே. மாத்திரை விழுங்குவதற்கே அன்றி ஒதுக்கி வைப்பதற்கு அன்று.

போவதற்கு முன்

டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய வால்வு கோளாறு, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து. நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்த மாத்திரையைக் கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

சந்தை நாளுக்கு முதல் நாளும், பண்டிகைக்கு முந்தின வாரமும் வேண்டாம். வாரத்தில் வியாபாரம் மந்தமான நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாளைக்குக் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

பல் பிடுங்கிய குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். புண் ஆறுவதற்கு அதுவே மூடியும் அஸ்திவாரமும். அது பெயர்ந்து போனால் உள்ளே எலும்பு வெளியே தெரியும். இதை வறண்ட குழி என்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் காது வரை இழுக்கும் வலி வரும். பிடுங்கிய வலியைவிட இந்த வலி கொடியது. ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் கட்டியைக் காப்பாற்றுவதுதான்.

வைத்துவிட்ட பஞ்சுத் துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். துப்பக் கூடாது, எச்சிலை விழுங்கிவிட வேண்டும். கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. இளநீரானாலும் டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் வீக்கம் மட்டுப்படும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் அதிகமாகத் தெரியும், பிறகு வடியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கடைக்காரர்களுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. இரண்டு நாளைக்கு மூட்டை தூக்கக் கூடாது. குனிந்து பளு தூக்கினால் நின்ற இரத்தம் மறுபடி கசியும். உரக்கக் கத்தி ஆளைக் கூப்பிடக் கூடாது. எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் பழக்கத்தை இந்த ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். பல கை மாறி வந்த ரூபாய் நோட்டைத் தொட்ட விரல் புண்ணுள்ள வாய்க்குள் போகலாமா? ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் போயிற்று.

ஒரு நாள் கழிந்தபின், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் மெல்ல வாயில் அசைத்துவிட்டு வழியவிட வேண்டும். மற்றப் பற்களை வழக்கம்போல் மெதுவாகத் துலக்கலாம்.

என்ன சாப்பிடுவது?

இதற்குக் கடைக்கு வெளியே போக வேண்டியதில்லை. நம் அலமாரியிலேயே எல்லாம் இருக்கிறது.

முதல் நாள்: மரப்பு தெளியும் வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது, உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்வது தெரியாது. பிறகு ஆறவைத்த பால், மோர், இளநீர், ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி, நன்றாகக் கரைத்த தயிர்சாதம் போதும். சூடாக எதுவும் வேண்டாம். சூடு பட்டால் இரத்தம் கசியும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: அரிசி நொய் ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு வைத்துக் குழைய வேகவைத்து மசித்த கஞ்சி மிக உத்தமம். வெறும் அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர புண்ணை ஆற்றாது. புண் ஆறப் புரதம் வேண்டும். 100 கிராம் பாசிப்பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. அதனால்தான் பருப்பைச் சேர்க்கச் சொல்கிறோம். கேழ்வரகு மாவை நன்றாகச் சலித்துக் கூழ் காய்ச்சலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ரவைக் கஞ்சி, பொட்டுக்கடலையை நைசாக அரைத்துப் பாலில் கரைத்தது, மசித்த வாழைப்பழம் ஆகியவையும் நல்லவை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் மெதுவாக வேகவைத்துக் கிளறிய முட்டை சாப்பிடலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது.

நான்காம் நாள் முதல் ஒரு வாரம் வரை: சாம்பாரில் ஊறிய இட்லி, இடியாப்பம், ஆப்பத்தின் நடுப்பகுதி, குழைந்த வெண்பொங்கல், மசித்த உருளைக்கிழங்கு, பூசணி, சுரைக்காய்க் கூட்டு, முள்ளில்லாத மீன். பிடுங்காத பக்கம் வைத்தே மெல்ல வேண்டும்.

ஆகாதவை: முறுக்கு, மிக்சர், பொரி, வறுகடலை, கடலை மிட்டாய், அப்பளம். இவற்றின் துணுக்குகள் குழியில் குத்தும். அதைவிட மோசம் சிறு விதைகள். எள், கசகசா, கடுகு, சீரகம், தக்காளி விதை, கொய்யா விதை ஆகியவை குழிக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது கடினம். ஆகவே ஒரு வாரம் தாளிப்பில்லாமல் சமைக்கச் சொல்லுங்கள். பொங்கலில் முழு மிளகு வேண்டாம். காரமும் புளிப்பும் எரிச்சல் தரும். குளிர்பானங்களில் சர்க்கரையும் அமிலமும் இரண்டும் உண்டு, அவையும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க

நம்மிடையே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏராளம். நாள் முழுதும் உட்கார்ந்த தொழில், நேரம் தவறிய சாப்பாடு; வேறென்ன எதிர்பார்க்க முடியும்? சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். இன்னொரு பக்கம், வாய் வலிக்கிறது என்று சாப்பிடாமல் இருந்துகொண்டு மாத்திரையையோ ஊசியையோ மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அளவு மாற்ற வேண்டுமா என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சியில் சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எதுவும் சேர்க்க வேண்டாம். பருப்பும் மோரும் முட்டையும் கூடுதலாகச் சேர்த்து, சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிடுவதே முறை.

புகையிலை பற்றி ஒரு வார்த்தை

பல் பிடுங்கிய பின் பீடி, சிகரெட் பிடித்தால் உறிஞ்சும் வேகத்தில் இரத்தக் கட்டி பெயரும். புகை புண்ணுக்கு வரும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வெற்றிலை பாக்கும் அப்படியே. பாக்குக்குப் புகையிலை சேர்ந்தால்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்தது. விற்பதால் வரும் சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லாவில் உட்கார்ந்து நாமே மெல்லுவதால் வரும் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாயில் இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காரணமின்றி ஆடும் பல் ஆகிய எது இருந்தாலும் வலிக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. வாய்ப் புற்று ஆரம்பத்தில் வலிப்பதில்லை. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

எப்போது உடனே போக வேண்டும்?

அழுத்திக் கடித்திருந்தும் இரத்தம் நிற்காவிட்டால். மூன்று நாளுக்குப் பின் வீக்கம் வடியாமல் கூடினால். காய்ச்சலோ சீழோ துர்நாற்றமோ இருந்தால். குறைந்த வலி மறுபடி ஏறினால், பிடுங்கிய டாக்டரிடமே உடனே காட்ட வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலும், வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பல்லில் தொடங்கிய சீழ் உயிரையே வாங்கிய சம்பவங்கள் உண்டு.

நாம் செய்யக்கூடியது

‘வீட்டில் அம்மாவுக்குப் பல் பிடுங்கியிருக்கிறது, என்ன வாங்கலாம்?’ என்று கேட்டு வரும் வாடிக்கையாளர் உண்டு. நொய், பாசிப்பருப்பு, ரவை, ஜவ்வரிசி, கேழ்வரகு மாவு என்று நாம் எடுத்துக் கொடுத்தால் அது வியாபாரமும் ஆயிற்று, உபகாரமும் ஆயிற்று. ஆனால் வலி மாத்திரையும் கிருமிக்கொல்லி மாத்திரையும் ‘ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால், அது மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது என்று பணிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் போக வசதியில்லாத நம் கடைப் பையன்களையும் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் அங்கே அனுப்பி வைக்கலாம். அதற்கு அரை நாள் லீவு கொடுப்பதால் நாம் குறைந்துவிட மாட்டோம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் வருடத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை முகாம் நடத்தினால் இன்னும் நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்டாக் எடுக்கத் தவறாத நாம், அன்றைக்கே பல்லையும் ஒரு முறை காட்டிவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொள்வோமாக.