வீட்டுப் பன்னீர்: பானைக்குள் எதை எங்கே வைப்பது?

கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கப்படும் நீரில் ரோஜா மணம் இருக்கும். ரோஜா இருக்கவேண்டும் என்பதில்லை. மலிவான பாட்டிலின் லேபிளைப் படித்துப் பார்த்தால், பல சமயம் தண்ணீரும் சேர்க்கப்பட்ட வாசனையும்தான் இருக்கும்.

இதனால் வீட்டிலேயே வடிப்பவர்கள் உண்டு. ஆனால் மணத்தோடு வெந்த கீரை வாடையும் சேர்ந்து வந்துவிடும். பூவைக் குறை சொல்வதற்குமுன் பானைக்குள் பார்க்கவேண்டும்.

பெரிய எவர்சில்வர் பானை, நடுவில் உயரமான முக்காலி, அதன்மேல் ஒரு கிண்ணம். இதழ்கள் பானையின் சூடான அடியில் படிந்தால் தீய்ந்த வாடை வரும். அடியில் ஒரு துளைத்தட்டைப் போட்டு, இதழ்கள் தாராளமாக மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். ரோஜாவை வெறும் ஆவியில் வைத்தால் இதழ்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆவி உள்ளே போகாது. செராய்க்கும் பாண்டான் இலைக்கும் அந்தச் சிக்கல் இல்லை. அவற்றைத் தண்ணீருக்கு மேலே, இட்லித்தட்டில் வைப்பதுதான் நல்லது.

மூடியைக் கவிழ்த்து, அதன் குமிழ் கிண்ணத்துக்கு நேராக வரும்படி வைக்கவேண்டும். தட்டையான மூடி என்றால் துளிகள் ஓரமாக ஓடி மறுபடி பானைக்குள்ளேயே விழும். மூடியின்மேல் ஐஸ் கட்டி. உருக உருக மாற்றவேண்டும். அடுப்பு சிறு தீயில் இருக்கட்டும். விளிம்பில் ஆவி கசிந்தால், போவது மணம்தான்.

கசிகிறதே என்று இந்தப் பானையை மாவு வைத்து அடைக்கக்கூடாது. ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி ஆபத்தாகிவிடும். மூடியில் குழாய் பொருத்திய அமைப்பில் மட்டுமே கோதுமை மாவால் பூசலாம். அங்கும் குழாயின் மறுமுனை எப்போதும் திறந்திருக்கவேண்டும். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் செம்புக் கொப்பரையின் வாயைக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாய் வழியே ஆவியைக் குளிர்நீரில் இருக்கும் இன்னொரு கலத்துக்குள் இறக்குகிறார்கள்.

குழாய் நெடுகிலும் கீழ்நோக்கிச் சரியவேண்டும். மேலே ஏறினால் கனமான வாசனைப் பொருள்கள் குளிர்ந்து பானைக்கே திரும்பிவிடும். ஸ்காட்லாந்தின் விஸ்கிக் கொப்பரைகளிலும் இதே கணக்குதான்: ஏறும் குழாய் இலேசான சுவை தரும், இறங்கும் குழாய் கனமான சுவை தரும். சாதாரண ரப்பர் குழாய் வேண்டாம். அதன் வாடை நீரில் ஏறிவிடும்.

இந்த அமைப்பில் மது வடிப்பது வேறு சங்கதி. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றம்.

கால் கிலோ இதழுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றால், 300 மில்லி சேர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். முதலில் வருவதில்தான் மணம் அதிகம். பிறகு வருவது வெறும் வெந்நீர் போலத்தான். பூக்கடை ரோஜாவில் மருந்து தெளித்திருக்கலாம், மணமும் குறைவு. வீட்டுத் தொட்டியில் பூத்த பன்னீர் ரோஜாவை விடிகாலையில் பறிப்பதே மேல்.

கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். கலங்கினால் கொட்டிவிடவேண்டியதுதான். கண்ணில் மட்டும் விடவேண்டாம். வீட்டில் வடித்தது கிருமி நீக்கிய மருந்தல்ல.