கல்யாண டி.வி.டி. பாதியில் நின்று போனால்

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் கேசட் போய் பென்டிரைவ் வருவதற்கு இடைப்பட்ட காலத்தில் நடந்த கல்யாணங்களும், முதல் திருவிருந்துகளும், பால்காய்ச்சுகளும் டி.வி.டி.யில்தான் இருக்கின்றன. நாம் அதைச் சி.டி. என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வீடியோக்காரர் கொடுத்த அந்த வட்டு இப்போது பல வீடுகளில் ஓடுவதில்லை. "தாலி கெட்டுக்குப் பொறவு படம் நின்னு போகு அண்ணே" என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இனி அதை டி.வி.டி. பிளேயரில் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த வட்டிலிருந்து ஒரு முழு நகல் எடுத்தாக வேண்டும். அது கையில் வந்தபிறகு பார்க்கலாம், மாற்றலாம், வெட்டலாம்.

வட்டு ஏன் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிழைச் செய்திகளும் புரியும். கடையில் வாங்கும் சினிமா டி.வி.டி. தொழிற்சாலையில் அச்சுக் குத்தி வருவது. கல்யாண டி.வி.டி. அப்படியல்ல. வெற்று வட்டின் உள்ளே ஒரு கரிமச் சாயப் படலம் இருக்கிறது. லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டித்தான் டி.வி.டி. செய்கிறார்கள். சாயமும் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஒட்டு ஓரத்தில் தளர்ந்தால் ஈரம் உள்ளே போகும், உலோகப் படலம் கறுக்கும். இடவப்பாதியும் துலாமழையும் சேர்ந்து நனைக்கிற நம்முடைய ரப்பர் நாட்டில் இதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் ரப்பர் மரங்களைச் சாய்த்து ஓடுகளைப் பறித்துக்கொண்டு போனபோது அலமாரியோடு நனைந்த வட்டுகளும் உண்டு. பூஞ்சையும் வட்டைத் தின்னும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஒரு சி.டி.யின் படலத்தைப் பூஞ்சை அரித்திருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டார்கள். அதுவும் நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடு.

வட்டில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிப் போகும். கை படுவதும் ஈரம் ஏறுவதும் வெளிவிளிம்பில்தான். அதனால்தான் நகல் பெரும்பாலும் எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் நிற்கிறது, படத்தின் கடைசிப் பகுதியே முதலில் போகிறது. சினிமா டி.வி.டி.களில் இரண்டு அடுக்குப் பதிவு உள்ளவை ஏறத்தாழ நடுவில் நின்றால், அது ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவுகிற இடமாக இருக்கலாம். எங்கே நிற்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

பலரும் செய்வது என்னவென்றால், வட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஹேண்ட்பிரேக் போன்ற மாற்றும் மென்பொருளைத் திறந்து, நேரே வட்டிலிருந்தே எம்.பி.4 ஆக்கப் பார்ப்பார்கள். நல்ல வட்டு என்றால் அதில் தவறில்லை. கெட்ட வட்டு என்றால் வாசிப்பதும் மாற்றுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், பிழை எதில் என்று தெரியாது. டிரைவ் ஒரு கெட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும், மென்பொருள் உறைந்து நிற்கும். இன்னும் மோசமாக, எந்தச் செய்தியும் காட்டாமல் நாற்பது நிமிடப் படத்தைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். மீதி போனதே தெரியாமல் வட்டைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வட்டில் இருப்பதை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஹார்டு டிஸ்க்கில் ஒரே கோப்பாக இறக்குவது முதல் வேலை. இந்தக் கோப்பை ஐ.எஸ்.ஓ. என்பார்கள். மாற்றும் வேலை முழுவதும் அந்தக் கோப்பிலிருந்து நடக்கட்டும். வட்டை அதற்குப் பிறகு தொடவே வேண்டாம்.

வட்டைப் போடுவதற்கு முன் துடைக்க வேண்டும். நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், துணியில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் பதிவு ஓடும் திசையிலேயே கீறல் போட்டுவிடும். டி.வி.டி.யின் பிழைதிருத்தும் முறை, குறுக்கே விழும் சின்னக் கீறல்களைச் சமாளித்துவிடும். நீளவாக்கில் விழுந்த கீறல் ஒரே இடத்தில் நிறையத் தரவை அழிப்பதால் அதைச் சமாளிக்காது. பூஞ்சை படிந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். பற்பசை தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது மேற்பரப்பைச் சுரண்டும், அதை விட்டுவிடுங்கள். பெயர் எழுதிய தாள் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தாலும் பிடித்து இழுக்க வேண்டாம். அதோடு படலமும் வந்துவிடக்கூடும்.

இனி டிரைவ். இப்போதைய லேப்டாப்களில் டிரைவ் இல்லாததால் யு.எஸ்.பி.யில் மாட்டும் மெல்லிய டிரைவ் வாங்குகிறோம். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. வட்டு சுழலத் தொடங்கும்போது டிரைவுக்கு இதைவிட அதிகம் தேவைப்படலாம். டக் டக் என்று சத்தம் போட்டு அது அணைந்து அணைந்து எழுந்தால், குறை வட்டில் இல்லாமல் மின்சாரத்தில் இருக்கலாம். இரண்டு முனை உள்ள யு.எஸ்.பி. ஒயரில் போட்டுப் பாருங்கள், அல்லது மேசைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேரே மாட்டுங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் நகல் எடுக்க இம்ஜ்பர்ன் போதும். 2013-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் இன்றும் வேலை செய்கிறது. 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்ற வார்த்தைகளோடு பிழை வந்தால், வட்டில் ஒரு பகுதியின் சரிபார்ப்புக் கணக்கு ஒத்துவரவில்லை, டிரைவால் அதைத் திருத்தவும் முடியவில்லை என்று பொருள். அதற்காகக் கம்ப்யூட்டரைத் திரும்ப நிறுவிப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் லினக்ஸில் கிடைக்கும் டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைச் சொல்லியாக வேண்டும். உபுண்டுவில் அது ஜி.டி.டி.ரெஸ்க்யூ என்ற பெயரில் கிடைக்கும். லினக்ஸ் நிறுவ வேண்டியதில்லை, பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டலாம். சாதாரண நகல் முறை கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டி நிற்கும். இது அந்த இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதியை முழுவதும் அள்ளிவிட்டு, பிறகு திரும்பிவந்து கெட்ட இடங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டும். எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைக்கும். மழையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டி.வி.டி.யின் ஒரு பிரிவு 2048 பைட்டு, அந்த அளவைக் கொடுத்து ஓட்ட வேண்டும்.

அந்த வரைபடக் கோப்பினால் வரும் பெரிய நன்மை வேறொன்று. ஒரு டிரைவ் வாசிக்காத இடத்தை வேறொரு டிரைவ் வாசித்துவிடும். லேசரின் வலிமை, கண்ணாடியின் சுத்தம், சுழலும் வேகம் எல்லாம் டிரைவுக்கு டிரைவ் மாறும். மார்த்தாண்டத்தில் இருக்கும் மச்சான் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் டிரைவ் இருந்தால், வட்டையும் ஐ.எஸ்.ஓ.வையும் வரைபடக் கோப்பையும் கொண்டுபோய் அங்கே தொடருங்கள். விட்டுப்போன இடங்களை மட்டும் அது முயலும். ஒரு டிரைவில் 97 சதவீதத்தில் நின்ற வட்டு இரண்டாவதில் 99-ஐத் தாண்டுவது அபூர்வமல்ல. மீதி வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். டி.வி.டி. படத்தில் பன்னிரண்டு, பதினைந்து சட்டகங்கள் ஒன்றையொன்று சார்ந்த ஒரு குழுவாக இருக்கும். ஒரு பிரிவு போனால் ஏறத்தாழ அரை நொடி கட்டம் கட்டமாகத் தெரிந்து மறையும், அவ்வளவுதான்.

நகல் முழுதாக வந்தும் மாற்றும் மென்பொருள் 'டைட்டில் எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்வதுண்டு. ஐ.எஸ்.ஓ.வை விண்டோஸில் இரண்டு முறை கிளிக் செய்து திறந்து, வீடியோ டி.எஸ். என்ற ஃபோல்டரைப் பாருங்கள். வி.ஓ.பி. கோப்புகளில் படமும் சத்தமும் இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜி.பி.க்கு மிகாது. ஐ.எஃப்.ஓ. கோப்புகள் எந்தக் காட்சி எங்கே என்று சொல்பவை. ஐ.எஃப்.ஓ. கெட்டால் படம் பத்திரமாக இருந்தும் மென்பொருளுக்கு வழி தெரியாது. இதை டி.வி.டி.யை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தே, ஒவ்வொரு ஐ.எஃப்.ஓ.வுக்கும் பி.யு.பி. என்ற பெயரில் ஒரு நகலை வட்டின் வேறு இடத்தில் வைத்தார்கள். ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கெட்ட ஐ.எஃப்.ஓ.வை அகற்றி, அதே எண்ணுள்ள பி.யு.பி.யின் பின்னொட்டை ஐ.எஃப்.ஓ. என்று மாற்றினால் பல வட்டுகள் உயிர் பெறும். இரண்டும் போயிருந்தால் வி.ஓ.பி. கோப்புகளையே தனித்தனியாக மாற்றலாம். பெயர் பூஜ்யத்தில் முடியும் கோப்பு மெனு, அதை விட்டுவிடுங்கள்.

வட்டு வெறுமையாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டி, அடிப்பக்கத்தில் பதிவின் நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால், அது பதிந்தபிறகு முடித்து மூடப்படாத வட்டாக இருக்கலாம். டி.வி.டி. ரெக்கார்டரில் நேரே பதிந்தவற்றில் இப்படி வரும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் அதற்குள்ளும் தேடி எடுத்துத் தரும்.

மாற்றும்போது வரும் குறைகள் இவ்வளவு கடுமையானவை அல்ல. கை அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால், அது அந்தக் காலத்துக் கேமரா ஒரு சட்டகத்தை இரண்டு பாதியாகப் படம்பிடித்ததால் வருவது. ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாதிஃப்பைத் தேர்ந்தெடுத்தால் போகும். முகங்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால் அளவில் கை வைத்திருப்பீர்கள். நம் நாட்டு டி.வி.டி. 720-க்கு 576 புள்ளிகளில் பதிந்து, திரையில் 4-க்கு 3 ஆகவோ 16-க்கு 9 ஆகவோ விரிவது. அனமார்ஃபிக் என்ற இடத்தைத் தானியங்கியிலேயே விட்டுவிடுங்கள். உதடும் சத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால் சட்டக வேகத்தை நிலையான 25 என்று வையுங்கள். படம் தெரிந்து டி.வி.யில் சத்தம் வரவில்லை என்றால் ஒலியை ஏ.ஏ.சி.க்கு மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக் நீளமான டைட்டிலைத் தானே பிடித்துக்கொள்ளும். மறுவீடும் வரவேற்பும் தனி டைட்டிலாக இருந்தால் பட்டியலைத் திறந்து அவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஐ.எஸ்.ஓ.வைப் பென்டிரைவுக்கு ஏற்றும்போது 'கோப்பு மிகப் பெரியது' என்று வருவது பலரைக் குழப்புகிறது. பென்டிரைவில் இடம் நிறைய இருந்தும் வரும். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, நிறைந்த ஒரு டி.வி.டி.யோ விண்டோஸ் கணக்கில் சுமார் 4.37 ஜி.பி. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் தீர்ந்தது. மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும், முதலில் அவற்றை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய சினிமா டி.வி.டி. கதை வேறு. பெரும்பாலும் அதில் பூட்டு இருக்கும். இம்ஜ்பர்னும் ஹேண்ட்பிரேக்கும் அந்தப் பூட்டைத் திறக்காது, முயன்றால் பச்சைக் கட்டங்கள்தான் மிஞ்சும். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது, 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். துபாயிலோ சவுதியிலோ வாங்கிவந்த படம் வட்டார எண் கேட்டால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வளைகுடா வட்டாரம் 2, இந்தியா 5. ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன்பின் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும்.

கல்யாண டி.வி.டி.யில் இந்தச் சிக்கல் கிடையாது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. வீடியோக்காரர் பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டு மட்டும் உங்களுடையதல்ல. யூடியூபில் ஏற்றினால் அந்தப் பாட்டுக்காகவே சத்தத்தை நிறுத்திவிடக்கூடும். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அது தடையில்லை.

வேலை முடிந்ததும் எம்.பி.4-ஐ முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வட்டு முன்பு எங்கே நின்றதோ அந்த இடத்துக்கும், கடைசிப் பத்து நிமிடத்துக்கும் போய்ப் பாருங்கள். மொத்த நேரம் வட்டில் இருந்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சரியாக இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஒரு ஹார்டு டிஸ்க்கில் இங்கேயும், இன்னொன்றில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமும் வையுங்கள். எம்.பி.4 எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போகட்டும். வட்டையும் எறிய வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் நிறுத்திவையுங்கள், நாளை இதைவிட நல்ல டிரைவ் கையில் கிடைத்தால் வராத அந்த ஒரு சதவீதத்தை மறுபடி முயலலாம்.