சுண்டெலியின் சிறுநீரில் ஒளிந்திருக்கும் ‘காதல் கடிதம்’: பெண் எலி அதில் என்ன படிக்கிறது?

வீட்டுக்குள் சுண்டெலி புகுந்துவிட்டால் ஒரு வாடை வரும். நாம மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆனால் எலிகளுக்கு அதுதான் முகவரி, அதுதான் கல்யாணப் பத்திரிகை!

எப்படி எழுதுகிறது?

ஆண் சுண்டெலி போகிற இடமெல்லாம் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் செல்லும். புற ஊதா ஒளியில் பார்த்தால் இந்தச் சொட்டுகள் மின்னும். இப்படிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. சண்டையில் ஜெயித்த எலி கூண்டு முழுக்க அடையாளம் வைக்கிறது. தோற்ற எலியோ சில இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது.

இந்தச் சிறுநீரில் உள்ள புரதங்கள் வாசனையைப் பிடித்து வைத்து, மெதுவாக வெளியே விடுகின்றன. அதனால் ஆண் எலி கிளம்பிப் போன பிறகும் தகவல் அங்கேயே இருக்கும்.

டார்சின் என்றால் என்ன?

அந்தப் புரதங்களில் ஒன்றுதான் ‘டார்சின்’. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் இதைப் பற்றி அறிவித்தார்கள். ஜேன் ஆஸ்டின் நாவலின் நாயகன் டார்சியின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்.

டார்சின் தானாகக் காற்றில் பரவாது. பெண் எலி மூக்கை வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படித் தொட்டதும் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. அந்தச் சிறுநீர் மீது ஈர்ப்பு வருகிறது. கூடவே, அந்தக் குறிப்பிட்ட ஆணின் வாசனையும் மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை காற்றில் வரும் வாசம் மட்டுமே போதும், ‘அவன்தான்’ என்று கண்டுபிடித்துவிடும். டார்சின் இருந்த இடத்தைக்கூடப் பெண் எலி மறப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது.

வேறு ஆணின் வாசம் வந்தால்?

இங்கேதான் அதிர்ச்சி. 1959-ல் ஹில்டா புரூஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். அப்போதுதான் இணைசேர்ந்த பெண் எலியின் பக்கத்தில் புதிய ஆண் எலியை வைத்தால், பல நேரங்களில் கரு தங்குவதில்லை. அந்த ஆண் நேரில் வரக்கூட வேண்டாம், அதன் சிறுநீர் வாசனையே போதும். இணைசேர்ந்த ஆணின் வாசனையால் இது நடப்பதில்லை. ஏனென்றால் அதைப் பெண் எலி ஏற்கெனவே மனதில் பதிய வைத்திருக்கும். இதற்கு ‘புரூஸ் விளைவு’ என்று பெயர்.

ஏன் இப்படி?

புதிதாக வரும் ஆண் எலிகள், தங்களுக்குப் பிறக்காத குட்டிகளைக் கொல்வதுண்டு. பிழைக்க வாய்ப்பில்லாத குட்டிகளுக்காக உடல் சக்தியைச் செலவழிக்காமல் தாய் எலி தப்பிக்கும் வழி இது என்பது ஒரு விளக்கம்.

நமக்கு வெறும் நாற்றம்தான். ஆனால் ஒரு குட்டி பிறக்குமா, பிறக்காதா என்பதையே அந்த ஒரு சொட்டு மாற்றிவிடுகிறது.