மூக்கில் ஒரே பக்கம் அடைப்பு, ரத்தம்... 'தூசி அலர்ஜி'தானா? மூக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் என்ன நடக்கும்? முழு விவரம்

நெய்வேலியில் மூக்கடைப்பை யாரும் பெரிசா எடுத்துக்கிறதில்லை. திறந்தவெளிச் சுரங்கம், அனல்மின் நிலையம், இரவு பகலா ஓடும் லாரிகள்... "தூசி ஒத்துக்கல" என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை, ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வதோடு சரி. பெரும்பாலும் அது தூசி அலர்ஜியாகவோ சைனஸாகவோதான் இருக்கும். ஆனால், அடைப்பு ஒரே பக்கம் மட்டும் இருந்து, அதே பக்கம் அடிக்கடி ரத்தமும் வந்தால் உஷாராக வேண்டும். அது மூக்குப் புற்றுநோயின் தொடக்க அறிகுறியாக இருக்கலாம்.

மூக்குப் புற்றுநோய் என்றால் என்ன?

மூக்குத் துவாரத்துக்கு உள்ளே இருக்கும் அறை, அதைச் சுற்றி கன்னம், நெற்றி எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறைகள் - இவற்றின் உட்சவ்வில் உருவாகும் கட்டி இது. அரிதான நோய்தான். தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் சுமார் 5 சதவீதத்துக்குள்தான் இதன் பங்கு. சிக்கல் என்னவென்றால், உள்ளே காற்று நிறைந்த காலி இடம் என்பதால், கட்டி ஓரளவு வளரும் வரை வலியே இருக்காது.

நிலக்கரித் தூசியால் வருமா?

நெய்வேலி மக்களுக்கு முதலில் எழும் கேள்வி இதுதான். மரத்தூள், தோல் பொருட்கள் தயாரிப்பில் பறக்கும் தூசி, நிக்கல் சேர்மங்கள் ஆகியவை மூக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. நிலக்கரித் தூசி அந்தப் பட்டியலில் இல்லை. போதுமான ஆதாரம் இல்லாததால், 1997-ல் அதை 'வகைப்படுத்த முடியாதது' என்ற பிரிவில் வைத்தது அந்த முகமை. அதற்காக அந்தத் தூசி கெடுதல் இல்லை என்று அர்த்தமில்லை, நுரையீரலுக்கு அது நிச்சயம் ஆகாது.

ஆக, அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள் தச்சுப் பட்டறை, மரம் அறுக்கும் மில்களில் வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

எந்த அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது?

* 3 வாரம் தாண்டியும் தீராத ஒரு பக்க மூக்கடைப்பு
* ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம், நாற்றமடிக்கும் சளி
* கன்னத்தில் வீக்கம், மரத்துப்போன உணர்வு
* காரணமில்லாமல் மேல் பல் ஆடுவது
* கண் பிதுங்குவது, இரட்டையாகத் தெரிவது, ஓயாமல் நீர் வடிவது

இதில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோப்பி மூலம் மூக்கின் உட்பகுதியைப் பார்ப்பது சில நிமிட வேலை. சந்தேகம் இருந்தால் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். சிறு துண்டு சதை எடுத்து பயாப்ஸி செய்தால்தான் புற்றுநோயா, எந்த வகை என்பது உறுதியாகும்.

ஆபரேஷன் எப்படி நடக்கும்?

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து முறை மாறும்.

சின்ன கட்டி என்றால் மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப்பியை நுழைத்து அகற்றிவிடுவார்கள். முகத்தில் வெட்டே இருக்காது. அப்படி முடியாதபோது மூக்கின் ஓரமாகக் கீறித் திறப்பார்கள். அந்தத் தழும்பு மூக்கும் கன்னமும் சேரும் மடிப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கன்ன எலும்புக்குள் பரவியிருந்தால் மேல்தாடை எலும்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுக்க வேண்டிவரும். மண்டை ஓட்டின் அடிப்பகுதியைத் தொட்டிருந்தால் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்துகொள்வார். கண்குழிக்குள் நன்றாகப் புகுந்துவிட்டால், கண்ணையே எடுக்க வேண்டிய கட்டாயம் சிலருக்கு வரலாம். கழுத்து நெறிக்கட்டிகளில் பரவியிருந்தால் அவற்றையும் நீக்குவார்கள்.

எடுத்த இடத்தை அப்படியே விடமாட்டார்கள். தொடையிலிருந்தோ காலிலிருந்தோ சதை, எலும்பு எடுத்து வைத்துச் சீரமைப்பதுண்டு. மேல் அண்ணத்தில் ஓட்டை விழுந்திருந்தால், பல்செட் மாதிரி மாட்டிக் கழற்றும் செயற்கை அண்ணம் பொருத்துவார்கள். அது இருந்தால்தான் சாப்பாடு மூக்கு வழியாக வராது, பேச்சும் தெளிவாக இருக்கும்.

கண் விழித்ததும் என்ன எதிர்பார்க்கலாம்?

முதல் சில நாட்கள் மூக்கில் பஞ்சு வைத்து அடைத்திருப்பார்கள். வாயால்தான் மூச்சு விடணும், தொண்டை வறண்டுபோகும். முகம் வீங்கியிருக்கும். பெரிய ஆபரேஷன் என்றால் கொஞ்ச நாளைக்கு டியூப் வழியாகத்தான் சாப்பாடு. எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் என்றால் சில நாட்களில் வீடு திரும்பலாம். சதை வைத்துச் சீரமைத்தவர்கள் ஒன்றிரண்டு வாரம் தங்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டாக்டர் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குடம் தூக்குவது, சிலிண்டர் நகர்த்துவது, குனிந்து வேலை செய்வது வேண்டாம். உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும், நேராகக் குழாய்த் தண்ணீர் கூடாது. மூக்குக்குள் பொருக்கு கட்டுவது சில மாதங்கள் நீடிக்கும்.

மோப்பம் குறையலாம், சிலருக்கு நிரந்தரமாகவே போய்விடும். குழம்பு தீய்வதும் கேஸ் கசிவதும் தெரியாது என்பதால், சமையலறையில் கூட ஒருவர் இருப்பது நல்லது.

எப்போது உடனே ஓடணும்?

மூக்கிலிருந்து தண்ணி மாதிரி தெளிவான நீர் சொட்டினால், அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து இறுக்கம், திடீரென்று பார்வை மங்குதல், நிற்காத ரத்தப்போக்கு - இதில் எதுவானாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷனோடு முடிந்துவிடுமா?

பலருக்கு முடியாது. ஆபரேஷன் முடிந்து சுமார் 6 வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்குவார்கள். வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம் போல நீடிக்கும். சிலருக்குக் கீமோவும் சேரும். ரேடியேஷனுக்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்து, சொத்தைப் பல் இருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். வாய் இறுகிப் போகாமல் இருக்க வாயைத் திறந்து மூடும் பயிற்சியும் முக்கியம். அதன் பிறகு குறைந்தது 5 வருஷம் செக்கப்பை விடக் கூடாது.

நெய்வேலியில் இருப்பவர்கள் எங்கே போவது?

முதல் பரிசோதனையை நகரியத்தில் உள்ள என்எல்சி பொது மருத்துவமனையிலோ, அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ தொடங்கலாம். புற்றுநோய் என்று உறுதியானால், புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னையில் 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன.

செலவுதான் பல குடும்பங்களைத் தயங்க வைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இஎஸ்ஐ அட்டை உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்கள், இஎஸ்ஐ மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். ஒன்றரை மாதம் தினமும் ரேடியேஷனுக்குப் போய்வருவது கஷ்டம் என்பதால், தங்கும் இடம், கூட இருப்பவர், வேலைக்கு லீவு எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கட்டி எந்த ஸ்டேஜில் இருக்கிறது? முழுசா எடுக்க முடியுமா?
2. முகத்தில் வெட்டு இருக்குமா? கண்ணுக்கு ஆபத்து இருக்கா?
3. அண்ணத்தை எடுத்தால், செயற்கை அண்ணம் எப்போது பொருத்துவீர்கள்?
4. ரேடியேஷன் தேவைப்படுமா? எங்கே, எத்தனை நாள்?
5. எப்போது வேலைக்குத் திரும்பலாம்? தூசி உள்ள இடத்தில் மறுபடி வேலை பார்க்கலாமா?

கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்ற தயக்கம் வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க அடைப்புக்கு மாசக்கணக்கில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பவர் உங்க வீட்டில் இருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், முகத்தில் வெட்டு இல்லாமலேயே ஆபரேஷன் முடிய வாய்ப்பு அதிகம்.