சார்னோக்கைட்டும் ஆழ்புவிக் கரிமமும்

சார்னோக்கைட்டு என்பது பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் கருநிற உருமாறிய பாறை. பல்லாவரம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அதனால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு 1893-இல் இதற்கு அப்பெயரை இட்டார்.

இப்பாறை புவி மேலோட்டின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 700 முதல் 900 பாகை செல்சியசு வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவாகிறது. இதன் குவார்ட்சு மணிகளுக்குள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் குமிழ்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. கர்நாடகத்தின் கப்பால்துர்கா கற்சுரங்கத்தில் சாதாரண நைசு பாறை திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் எடுத்துக்காட்டினார். ஆழத்திலிருந்து மேலேறிய கரியமில வாயுவே பாறையின் நீரை விரட்டி இம்மாற்றத்தைச் செய்தது என்ற கருத்து 1980-இல் வலுப்பெற்றது. அப்படியானால் அந்த வாயு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை தேட உதவுபவை கரிமத்தின் நிலையான இரு ஐசோடோப்புகள். இயற்கைக் கரிமத்தில் ஏறத்தாழ 98.9 விழுக்காடு கரிமம்-12, எஞ்சியது கரிமம்-13. இவற்றின் விகிதம் ஓர் ஒப்பீட்டு அளவையிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்று குறிப்பர். கடல் சுண்ணாம்புக்கல்லுக்கு இது சுமார் 0. தாவரங்களும் நுண்ணுயிர்களும் இலேசான கரிமத்தையே விரும்பி எடுப்பதால் உயிர்ப்பொருளுக்குச் சுமார் −25. மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்துக்குச் சுமார் −5.

இங்கேதான் சிக்கல். கடலடித் தட்டு மூடகத்துக்குள் அமிழும்போது சுண்ணாம்பும் உயிர்க்கரிமமும் சேர்ந்தே இறங்குகின்றன. நான்கு பங்கு சுண்ணாம்புக் கரிமமும் ஒரு பங்கு உயிர்க்கரிமமும் கலந்தால் சராசரி −5 தான். மூடகத்தின் எண்ணும் அதுவே! ஆகவே −5 கிடைத்தவுடன் ‘இது தொன்மையான மூடகக் கரிமம்’ என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆக்சிசன், இசுட்ரான்சியம் ஐசோடோப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில் கார்பனட்டைட்டு உள்ளது. இது உருகிய கார்பனேட்டுக் குழம்பு இறுகி உண்டான அரிய பாறை. வயது 75 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இதன் கரிமம் மூடகத்தின் எண்ணுக்கு நெருக்கமாக உள்ளது. அருகே, கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டிப் பாறைகளில் கரிமமும் ஆக்சிசனும் கனமானவை, இசுட்ரான்சியமும் மேலோட்டின் சாயலைக் காட்டுகிறது. மூடகத்துக்குள் இறங்கிய பழைய மேலோட்டுக் கரிமம் திரும்பி வந்ததாலும் இப்படி இருக்கலாம்; பாறை இறுகிய பின் சூடான கார்பனேட்டுக் கரைசல்கள் ஊடுருவியதாலும் இருக்கலாம்.