கட்டைத் துண்டும் கணினி வீரனும்

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டில் ஒரு வீரன் ஓடுகிறான். அவனது வேகம் என்ன? அவன் ஓடும் பாதையில் கிலோமீட்டர் கல் எதுவும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த்தோணிகளின் நிலையும் இதுதான். கடலிலும் கிலோமீட்டர் கல் கிடையாது அல்லவா? இந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம்.

நீரில் ஒரு கட்டை

வேகம் என்பது தொலைவைக் காலத்தால் வகுத்தால் கிடைப்பது. கடலில் தொலைவை எப்படி அளப்பது? பழங்காலக் கடலோடிகள் எளிய வழி ஒன்றைக் கண்டனர். கலத்தின் முன்முனையில் ஒரு கட்டைத் துண்டை நீரில் போட்டு, அது பின்முனையைக் கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டனர். கலத்தின் நீளமே அளவுகோல்! 20 மீட்டர் நீளத் தோணியைக் கட்டை 10 விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு 2 மீட்டர். அதாவது மணிக்கு 7.2 கிலோமீட்டர்.

பின்னாளில் கட்டையை ஒரு நீண்ட கயிற்றில் கட்டினர். கயிற்றில் சுமார் 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்று எண்ணினர். முடிச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'நாட்' என்பதே கப்பல் வேகத்தின் அலகாயிற்று. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். 1852ஐ 3600ஆல் வகுத்து 28ஆல் பெருக்கிப் பாருங்கள், 14.4 வரும்.

நீரோட்டம் செய்யும் குறும்பு

நம் தோணியின் வேகம் ஏறத்தாழ 4 நாட். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். ஆகவே பயணம் 38 மணி நேரம் பிடிக்கும். ஆனால் கட்டை காட்டுவது நீரைச் சார்ந்த வேகம் மட்டுமே. நீரே நகர்ந்தால்? ஒரு நாட் வேக நீரோட்டம் பக்கவாட்டில் 38 மணி நேரம் தள்ளினால், தோணி 38 கடல் மைல், அதாவது சுமார் 70 கிலோமீட்டர் விலகிப் போயிருக்கும்! மன்னார் வளைகுடாவில் நீரோட்டம் பருவக்காற்றுக்கு ஏற்ப மாறக்கூடியது. வேகத்துடன் திசையையும் சேர்த்துச் சொல்லும் 'திசைவேகம்' ஏன் தேவை என்பது இப்போது விளங்கும்.

கடைசியாகத் தெரிந்த இடம், திசைவேகம், கடந்த நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு, கலம் இப்போது எங்கே இருக்கும் என்று கணிப்பதை மாலுமிகள் 'டெட் ரெக்கனிங்' என்பர். கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் கணிப்பைத் திருத்திக்கொள்வர்.

திரையில் அதே கணக்கு

கணினி விளையாட்டில் ஒவ்வோர் இடத்திற்கும் வரைபடத் தாளில் உள்ளதுபோல் இரண்டு எண்கள் உண்டு. வீரன் (0, 0) என்ற புள்ளியிலிருந்து (6, 8) என்ற புள்ளிக்கு 2 விநாடியில் சென்றால், பிதாகரஸ் தேற்றப்படி தொலைவு 10 அலகு. வேகம் விநாடிக்கு 5 அலகு.

இங்கேயும் ஒரு குறும்பு உண்டு. வலப்புறம் 1 அலகு, மேற்புறம் 1 அலகு என இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் வீரன் 1.41 அலகு நகர்வான். அதாவது 41 சதவீதம் கூடுதல் வேகம்! நிரல் எழுதுவோர் திருத்தாவிட்டால், மூலைவாட்டில் ஓடுபவனே வெல்வான்.

இன்னொரு சிக்கல், செய்தி வந்து சேரும் தாமதம். நண்பனின் வீரன் இருக்கும் இடம் உங்கள் கணினிக்கு 0.1 விநாடி தாமதமாக வருவதாகக் கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அவன் அதற்குள் அரை மீட்டர் நகர்ந்திருப்பான். பல விளையாட்டுகளில் கணினி என்ன செய்கிறது தெரியுமா? மாலுமியைப் போலவே டெட் ரெக்கனிங் செய்கிறது! 1980களில் அமெரிக்க இராணுவம் அமைத்த 'சிம்நெட்' என்னும் பயிற்சி வலையமைப்பு இம்முறையைக் கையாண்டது. பெயரும் கடலிலிருந்து வந்ததுதான். வீரன் திடீரெனத் திரும்பினால் கணிப்பு பிழையாகும். புதிய செய்தி வந்ததும் கணினி திருத்தும். திரையில் வீரன் சட்டென்று இடம் மாறித் 'துள்ளுவதற்கு' இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்கள்

விளையாட்டில் இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். வீரனின் உயரம் 1.7 மீட்டர் எனக் கொண்டு, இடைத்தொலைவு அவனது உயரத்தைப் போல் எத்தனை மடங்கு என மதிப்பிடுங்கள். மூன்று முறை ஓடவிட்டு நேரத்தின் சராசரியைக் காணுங்கள். 2009இல் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். சராசரி விநாடிக்கு 10.4 மீட்டர். உங்கள் வீரன் இதைவிட வேகமாக ஓடுகிறானா?