வேகம் கூட்டலாம்; வெந்து போக விடலாமா?

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தேக்கா சந்தையைப் பார்ப்பார்கள். சிராங்கூன் சாலையில் துணிக்கடை, நகைக்கடை ஏறி இறங்குவார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கால்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடக்கும். ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் இருக்கும் சிம் லிம் சதுக்கம்தான் அந்த இடம். 1980களின் பிற்பகுதியிலிருந்து கணினிக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் பேர் போன கட்டடம் அது.

அங்கே பிள்ளைகள் காதில் விழும் ஒரு சொல் 'ஓவர்கிளாக்'. "அப்பா, காசு செலவில்லாமல் நம் கணினியை வேகமாக்கலாமாம்!" என்று மகன் வந்து சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய பொருளாயிற்றே! விஷயத்தைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

கணினியின் மூளை 'பிராசசர்' என்னும் சில்லு. அது ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 400 கோடித் துடிப்பு. ஆலையில் சில்லைச் சோதித்து, அது தடுமாறாமல் தாங்கக்கூடிய வேகத்தைக் கொஞ்சம் குறைத்தே குறிப்பார்கள். அந்த மிச்சத்தைப் பயன்படுத்துவதுதான் ஓவர்கிளாக்.

சோதனை வேலை எங்கோ தொலைவில் நடப்பதாக எண்ண வேண்டாம். இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆலை திறந்தது. அந்த வட்டார மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போன நம் பெண்களும் உண்டு.

இந்தக் கலைக்குப் பெயர் வாங்கித் தந்தது 1998இல் வந்த 'செலரான் 300ஏ' என்ற மலிவான சில்லு. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் தாளத்தை நாலரையால் பெருக்கி வருவது. தாளத்தை 100 ஆக்கினால் 450 ஆயிற்று! அதே 450 வேகத்தில் ஓடிய பென்டியம் 2 சில்லுக்குப் பல மடங்கு விலை. இளைஞர்கள் விடுவார்களா?

ஆனால், பால்மரம் வெட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். பால் கூட்டும் மருந்தைப் பூசி அளவுக்கு மேல் எடுத்தால் பட்டை வறண்டு போகும். சில்லும் அப்படித்தான். அதன் எதிரிகள் இரண்டு: சூடு, மின்னழுத்தம்.

கணக்கைப் பாருங்கள். வேகத்தை மட்டும் 10 விழுக்காடு கூட்டினால் சூடும் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். தடுமாறாமல் ஓட மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு ஏற்றினால் சூடு 33 விழுக்காடு கூடிவிடும்! மின்னழுத்தம் இரட்டிப்பாகக் கணக்கில் வருவதே காரணம்.

இதில் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் சில்லு, சிங்கப்பூரின் 32 டிகிரி அறையில் 87 டிகிரியைத் தொடும். எந்தக் காற்றாடியும் அறையின் சூட்டுக்குக் கீழே சில்லைக் குளிர வைக்க முடியாது.

மின்னழுத்தத்தின் தீங்குக்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் சில, தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் பெற்று நிரந்தரமாகக் கெட்டன. வேகம் கூட்டாதவர்களின் கணினிகளும் தப்பவில்லை. 2024இல் நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

அப்படியும் பிள்ளை ஆசைப்படுகிறானா? இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள்.

1. சில்லின் பெயரைப் பாருங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின் 'கே' எழுத்து உள்ள சில்லும், அதற்கேற்ற தாய்ப் பலகையும் வேண்டும். மடிக்கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

2. பள்ளிப் பாடங்களையும் குடும்பப் படங்களையும் முதலில் வேறொன்றில் பிரதி எடுங்கள்.

3. தூசியைத் துடைத்து, சில்லின் மேல் காய்ந்து போன பசையை மாற்றுங்கள். பிறகு கடும் வேலை கொடுத்துச் சூட்டைக் குறித்து வையுங்கள். இப்போதே 85 டிகிரியைத் தாண்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

4. மின்னழுத்தத்தைத் தொடாமல் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்டுங்கள். அரை மணி நேரம் சோதியுங்கள். சூடு அடங்கியிருந்தால் அடுத்த 100. தடுமாறினால் முந்தைய படிக்கே திரும்புங்கள்.

5. கணினி எழவே மறுத்தால் பயப்பட வேண்டாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையில் உள்ள காசு வடிவ மின்கலத்தைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால், பெரும்பாலும் பழைய அளவுகள் திரும்பிவிடும்.

6. பேர் தெரியாத மலிவான மின்வழங்கிப் பெட்டியை நம்பி இதில் இறங்கக் கூடாது.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். குறித்த அளவை மீறி ஓட்டிக் கெட்டுப் போன சில்லுக்கு உத்தரவாதம் கேட்க முடியாது. புதிய சில்லுகள் தேவைப்படும்போது தாமாகவே வேகம் கூட்டிக்கொள்கின்றன. 1998இல் கிடைத்த 50 விழுக்காட்டு லாபம் இன்று கிடைப்பதில்லை.

பள்ளிப் பாடத்துக்காகக் கணினி வாங்கியவர்கள் சிம் லிம் கடையில் கேட்க வேண்டியது வேறு. பழைய சுழல் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்று, நினைவகம் கொஞ்சம் கூடுதல். இவை இரண்டும் தரும் வேகத்தை வீட்டில் எல்லாருமே உணர்வார்கள், சில்லுக்கும் காயமில்லை. ஓவர்கிளாக் கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். பழைய கணினி ஒன்றை அதற்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். கெட்டாலும் கையைக் கடிக்காது. கற்ற பாடம் அவனுக்கு மிச்சம்.